டிக்கெட் இல்லாத டூர்!

செமஸ்டர் லீவு வந்தாச்சு. ஊட்டி, கொடைக்கானல், கோவா என்று பிளான் மட்டும் ஹாஸ்டல் ரூமில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடும். காலையில் பர்ஸைத் திறந்து பார்த்தால்... டூர் கேன்சல்!

கவலையை விடுங்க மக்களே. பஸ் டிக்கெட், லாட்ஜ் வாடகை, அப்பாவின் பர்மிஷன் எதுவுமே தேவைப்படாத ஒரு டூர் இருக்கு. கையில் ஒரு கம்ப்யூட்டரோ போனோ, கொஞ்சம் நெட், 'அட, அப்புறம்?' என்று கேட்கிற ஆர்வம். லக்கேஜ் அவ்வளவுதான்.

"நாங்க தினமும் நெட்லதானே கிடக்குறோம்... இதுல என்ன புதுசா டூர்?" என்று நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. ஒரு நிமிஷம் யோசிங்க பாஸ். நேத்து நீங்க போன இடங்களை விரல் விட்டு எண்ணுங்க. நாலே நாலு ஆப். அதிலும் தானா வந்து விழுந்த வீடியோக்கள். அதுக்குப் பேர் ஊர் சுத்துறது இல்லை. டூரிஸ்ட் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிரைவர் நிறுத்துற மோட்டலில் மட்டும் டீ குடிக்கிறது! இன்னிக்கு நாம இறங்கி நடக்கப் போறோம். ரெடியா?

முதல் ஸ்டாப்: ஜெனீவா

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பார்க்கிறது பழைய கோயிலைத்தானே? வெப் உலகத்தின் பழைய கோயில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆராய்ச்சி மையம். அணுவுக்குள்ளே என்ன இருக்கிறது என்று தேடும் இடம் அது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ, விஞ்ஞானிகள் தகவல்களைப் பகிர்ந்துகொள்ள வசதியாக உருவாக்கியதுதான் வேர்ல்டு வைடு வெப்.

உலகின் முதல் வெப்சைட் 1991-ல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதன் பழைய பிரதி ஒன்றை 2013-ல் செர்ன் மறுபடியும் அதே முகவரியில் வைத்தது. 'இன்ஃபோ டாட் செர்ன் டாட் சிஹெச்' என்று அடித்தால் போய்ப் பார்க்கலாம். படம் இல்லை, கலர் இல்லை, விளம்பரம் இல்லை. வெறும் எழுத்தும் லிங்க்கும்தான். அந்தக் காலத்து பிரவுசரில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று காட்டவும் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள்.

அந்த சைட் ஓடிய கம்ப்யூட்டர் மேல் சிவப்பு மையில் ஒரு எச்சரிக்கை எழுதி ஒட்டியிருந்தார் டிம்: இது சர்வர், ஆஃப் பண்ணிடாதீங்க! சிரிப்பு வருதா? ஆனால் மேட்டர் சீரியஸ். யாரோ ஒருத்தர் பிளக்கைப் பிடுங்கினால், அன்னிக்கு மொத்த வெப்பும் காலி. இன்னொரு விஷயமும் இருக்கு. 1993 ஏப்ரல் 30 அன்று இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அன்னிக்குக் கல்லாப்பெட்டி வைத்து உட்கார்ந்திருந்தால், நம்ம டூர் இவ்வளவு சீப்பாக இருந்திருக்காது!

ரெண்டாவது ஸ்டாப்: காணாமல் போன ஊர்

செர்ன் கதவைத் திறந்துவிட்டதும் சாதாரண மக்கள் உள்ளே வந்து வீடு கட்ட ஆரம்பித்தார்கள். அப்படி உருவான பெரிய ஊர் ஜியோசிட்டீஸ். 1994-ல் அமெரிக்காவில் ஆரம்பமானது. இலவசமாக ஒரு 'மனை' தருவார்கள், அதில் உங்கள் சொந்த வெப்சைட்டைக் கட்டிக்கொள்ளலாம். நிஜமாகவே பேட்டை பேட்டையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சினிமாப் பைத்தியங்களுக்கு 'ஹாலிவுட்', கம்ப்யூட்டர் ஆட்களுக்கு 'சிலிக்கான்வேலி', சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர்களுக்கு 'ஏரியா 51'. வீட்டுக்கு வீடு கதவு எண் கூட உண்டு!

மின்னுகிற எழுத்து, தானாகப் பாடுகிற பாட்டு, ஆடுகிற படம் என்று பார்க்கக் கண்ணைப் பறிக்கும். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வீடும் யாரோ ஒருத்தர் ராத்திரி கண் விழித்துக் கட்டினது. பூனை வளர்க்கிறவர், தபால்தலை சேர்க்கிறவர், இறந்துபோன பிள்ளைக்காகப் பக்கம் வைத்த அம்மா என எல்லாரும் அங்கே குடியிருந்தார்கள்.

1999-ல் யாஹூ அந்த ஊரை வாங்கியது. 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. ஜப்பான் கிளை மட்டும் 2019 வரை தாக்குப்பிடித்தது. மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 'ஆர்க்கைவ் டீம்' என்ற தன்னார்வலர் கூட்டம் ராத்திரி பகலாக அந்தப் பக்கங்களை நகல் எடுத்தது. முழுசா முடியலை. கிடைத்த வரைக்கும் காப்பாற்றினார்கள்.

ஏதோ பழைய கதை என்று தள்ளிவிடாதீங்க. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013-ல் இருந்த வெப் பக்கங்களில் 38 சதவீதம், பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது இல்லை. நம்பிக்கை வரலையா? லைப்ரரிக்குப் போய் உங்க சீனியரின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுங்க. கடைசிப் பக்கத்தில் இருக்கிற லிங்க்குகளை ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்க. எத்தனை வீட்டில் ஆள் இருக்கு என்று தெரியும்.

மூன்றாவது ஸ்டாப்: சர்வர் குடியிருக்கும் சர்ச்

அப்படின்னா இடிந்த வீடுகளை யார்தான் பார்த்துக்கொள்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ள சான்ஃபிரான்சிஸ்கோ போகணும். ஃபன்ஸ்டன் அவென்யூவில் பெரிய பெரிய தூண்களோடு ஒரு வெள்ளைக் கட்டடம். ஒரு காலத்தில் அது சர்ச். இப்போது இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பின் தலைமை அலுவலகம். 1996-ல் ப்ரூஸ்டர் கேல் ஆரம்பித்த லாப நோக்கம் இல்லாத டிஜிட்டல் லைப்ரரி இது.

பிரார்த்தனைக் கூடத்தில் மர பெஞ்சுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கூடத்தின் பின்பக்கம் சர்வர்கள். உலகத்தின் ஏதோ மூலையில் ஒருத்தர் ஒரு ஃபைலைத் திறந்தால் இங்கே ஒரு நீல விளக்கு மினுக்கென்று சிமிட்டும். சர்வர் கக்குகிற சூட்டையே குளிர்காலத்தில் கட்டடத்தைக் கதகதப்பாக வைக்கப் பயன்படுத்துகிறார்கள். பெஞ்சுகளை ஒட்டி வரிசையாகக் களிமண் பொம்மைகள் நிற்கும். சாமி சிலை இல்லை... அங்கே மூன்று வருஷமாவது வேலை பார்த்த ஊழியர்களின் உருவங்கள்! சீனாவின் சியான் நகரத்துக் களிமண் வீரர்களைப் பார்த்து வந்த ஐடியா.

இந்த அமைப்பின் 'வேபேக் மெஷின்' 2001-ல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. ஒரு முகவரியைக் கொடுத்தால், அந்த சைட் 2003-ல் எப்படி இருந்தது, 2010-ல் எப்படி இருந்தது என்று தேதி வாரியாகக் காட்டும். உங்க காலேஜ் வெப்சைட்டைப் போட்டுப் பாருங்க, பழைய ஃபீஸ் விவரம் கிடைத்தால் வயிறு எரியும்! 2025 அக்டோபரில் இது சேமித்த பக்கங்கள் ஒரு லட்சம் கோடியைத் தொட்டன.

ஆனால் காவல்காரருக்கும் கஷ்டம் உண்டு. புத்தகங்களை ஸ்கேன் செய்து இரவல் கொடுத்ததற்காகப் பெரிய பதிப்பகங்கள் 2020-ல் வழக்குப் போட்டன. 2024-ல் மேல்முறையீட்டிலும் ஆர்க்கைவ் தோற்றது. அதே வருஷம் அக்டோபரில் ஹேக்கர்கள் தாக்கியதில் சில நாட்கள் சைட்டே முடங்கியது. பூட்டே இல்லாத கோட்டை எதுவும் இந்த உலகத்தில் இல்லை.

நாலாவது ஸ்டாப்: நம்ம தெரு

வெளியூரையே சுத்தினால் எப்படி? நம்ம தமிழ்த் தெருவுக்கு வருவோம். 1998 பொங்கலன்று ஆரம்பித்தது மதுரைத் திட்டம். பேர்தான் மதுரை. நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம். சங்க இலக்கியம், பக்தி இலக்கியம், பாரதி என்று பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து டைப் அடித்து, பிழை திருத்தி, இலவசமாக வைத்தார்கள். சம்பளம் கிடையாது. தமிழில் டைப் அடிப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. தமிழ் இலக்கியம் படிக்கிற நண்பர்களே, தேர்வுக்கு முந்தின ராத்திரி உங்களைக் காப்பாற்றிய பிடிஎஃப் எங்கிருந்து வந்தது என்று இப்போ தெரியுதா?

அடுத்த வீடு நூலகம் டாட் ஆர்க். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. சிலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. 2005-ல் தொடங்கிய இந்தத் தளத்தில் இலங்கைத் தமிழர்களின் புத்தகம், சிற்றிதழ், பழைய செய்தித்தாள், பள்ளி மலர் என்று தேடித் தேடி ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். உள்ளே போய் எதையாவது ஒன்றைத் திறந்து பாருங்க. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட ஆண்டு மலரில் கூடப் படிக்க எவ்வளவோ இருக்கும். ஒருமுறை எரிந்தவர்களுக்குத்தான் நகலின் அருமை தெரியும்.

ஐந்தாவது ஸ்டாப்: வானம்

இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் காப்பாற்றுகிற கதை. சும்மா சுற்றித் திரிந்து ஒருத்தர் புதுசாகக் கண்டுபிடித்த கதையும் இருக்கு.

ஹன்னி வான் ஆர்கல், நெதர்லாந்து ஸ்கூல் டீச்சர். குயின் ராக் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே என்றால் அவருக்கு உயிர். 2007-ல் பிரையன் மேயின் வெப்சைட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது 'கேலக்ஸி ஜூ' என்ற தளம் பற்றித் தெரிந்துகொண்டார். கிதார் சைட்டில் வானியல் எங்கே வந்தது என்கிறீர்களா? பிரையன் மே அதே வருஷம் வானியற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்!

கேலக்ஸி ஜூவில் வேலை ரொம்ப சிம்பிள். டெலஸ்கோப் எடுத்த படத்தைக் காட்டுவார்கள். சுருளா, உருண்டையா என்று நீங்க சொல்லணும். கிட்டத்தட்ட பத்து லட்சம் கேலக்ஸி படங்கள் இருந்ததால்தான் விஞ்ஞானிகள் பொதுமக்களைக் கூப்பிட்டார்கள். ஹன்னி ஒரு படத்தில் கேலக்ஸிக்குக் கீழே நீலக் கறை மாதிரி ஒன்றைப் பார்த்தார். தள்ளிவிட்டுப் போகாமல், "இது என்ன?" என்று கேட்டார். விஞ்ஞானிகளுக்கே தெரியலை!

ஆராய்ந்தபோது அது பிரமாண்டமான வாயு மேகம் என்று தெரிந்தது. பக்கத்துக் கேலக்ஸியின் நடுவில் முன்பு கொழுந்துவிட்டு எரிந்த குவேசார் மங்கிப்போன பிறகும், அதன் பழைய வெளிச்சம் பட்டு மேகம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பின்னாளில் ஹப்பிள் டெலஸ்கோப்பே அதைப் படம் பிடித்தது. அதன் பெயர் 'ஹன்னிஸ் வோர்வெர்ப்'. டச்சு மொழியில் 'வோர்வெர்ப்' என்றால் 'பொருள்'. ஹன்னி கண்ட பொருள், அவ்வளவுதான்!

கேலக்ஸி ஜூ இப்போது ஜூனிவர்ஸ் என்ற பெரிய தளத்தின் ஒரு பகுதி. காட்டு விலங்கு படங்களை அடையாளம் காண்பது, பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படிப்பது என்று அங்கே உங்களுக்கும் வேலை காத்திருக்கு. டிகிரி எல்லாம் கேட்க மாட்டார்கள்.

வழியில் குட்டி ஸ்டாப்கள்

ரேடியோ கார்டன்: பூமி உருண்டை சுற்றும், மேலே பச்சைப் புள்ளிகள். ஒன்றைத் தொட்டால் அந்த ஊர் ரேடியோ அந்த நிமிஷம் பாடும். தூக்கம் வராத ராத்திரிகளுக்கு பெஸ்ட்.

எர்த் நல்ஸ்கூல்: உலகம் முழுக்க வீசுகிற காற்று கோடு கோடாக ஓடும். வங்கக் கடலில் புயல் சின்னம் என்று அடுத்த முறை நியூஸில் சொன்னால் இதைத் திறந்து பாருங்க, சுழல் கண்ணுக்குத் தெரியும். லீவு விடுவார்களா என்று மட்டும் இது சொல்லாது!

என்பிடெல்: ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்தது. ஐஐடி புரொஃபசர்களின் வகுப்பு ஃப்ரீ. எக்ஸாம் எழுதி சர்டிஃபிகேட் வாங்கத்தான் கட்டணம்.

பயணிகள் கவனத்துக்கு

புது ஊரில் விலாசம் விசாரிக்கிற மாதிரி, புது சைட்டில் முதலில் 'எங்களைப் பற்றி' பக்கத்தைப் படிங்க. யார் நடத்துகிறார்கள், கடைசியாக எப்போது அப்டேட் செய்தார்கள் என்று பாருங்க. நுழைந்ததுமே பாஸ்வேர்டு, ஓடிபி, பணம் என்று கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிடுங்க.

பிடித்த இடத்திலிருந்து தேடல் பெட்டிக்குத் திரும்பி ஓடாதீங்க. அந்தப் பக்கத்திலேயே இருக்கும் லிங்க்கைப் பிடித்து அடுத்த இடத்துக்கு நடங்க. ஹன்னி போன வழி அதுதான்.

கடைசியாக ஒன்று. பார்த்த ஊரில் குப்பை போடக் கூடாது என்பார்கள். இங்கே அதுக்கும் மேலே ஒரு படி. ஏதாவது நல்லது போட்டுவிட்டு வரணும்! இந்த டூரில் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவை, எங்கேயோ இருக்கும் சிலர் தங்கள் நேரத்தைக் கொடுத்ததால்தான் நிற்கின்றன. வேபேக் மெஷினில் ஒரு முகவரியைக் கொடுத்து சேமிக்கச் சொல்ல அரை நிமிஷம் போதும். உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம் பக்கம், ஊர்த் திருவிழா பற்றி யாரோ எழுதிய கட்டுரை, உங்க சொந்தக் கவிதை... இதில் எதை முதலில் காப்பாற்றப் போறீங்க?

சீக்கிரம் முடிவு பண்ணுங்க. அந்த லிங்க் நாளைக்கும் திறக்கும் என்று யாரும் கேரண்டி கொடுக்கலை!