தயார், அனுப்பு

"பேங்க்ல கம்ப்யூட்டர் பிரிவுன்னா என்ன சார் வேலை?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஒரே கணக்கை இரண்டு ஊரில் ஒரே மாதிரி வைத்திருப்பது என்பேன். நம்ப மாட்டார்கள், இதற்கா சம்பளம் என்று.

எங்கள் முதன்மை டேட்டா சென்டர் மும்பையில். அங்கே ஏதாவது நேர்ந்தால் கைகொடுக்கச் சென்னையில் இன்னொன்று. நான் இருந்தது இங்கே. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதற்குப் பிறகு 'ஏதாவது நேர்ந்தால்' என்பதை யாரும் வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

சர்வரும் வட்டுப் பெட்டியும் பேசிக்கொள்ளும் மொழி ஃபைபர் சேனல். ஒரு கட்டடத்துக்குள் பேசப் பிறந்த மொழி அது. வாங்குகிறவன் தன்னிடம் எத்தனை பொட்டலத்துக்கு இடம் இருக்கிறதோ அத்தனை அனுமதிச் சீட்டு முன்கூட்டியே கொடுப்பான். சீட்டு தீர்ந்தால் அனுப்புகிறவன் நிற்க வேண்டும். 2 கிகாபிட் வேகத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு சீட்டு தேவை. சென்னைக்கும் மும்பைக்கும் எத்தனை வேண்டும், நீங்களே கணக்குப் போடுங்கள். அதனால்தான் இரண்டு முனையிலும் ரவுட்டர் வைத்தோம். சீட்டு விவகாரத்தை அது உள்ளூரிலேயே முடித்துக்கொண்டு, பொட்டலத்தை ஐ.பி. உறைக்குள் போட்டு அனுப்பிவிடும்.

ஆனால் ஒளிக்கும் நேரம் பிடிக்கிறதே. கண்ணாடி இழையில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ விநாடி. இழைப் பாதை 1,500 கிலோமீட்டர் என்றால் போய்வர 15 மில்லி விநாடி. ஒரு எழுத்துக்கு இரண்டு முறை போய்வர வேண்டும்: "எழுதட்டுமா?" "தயார், அனுப்பு", பிறகு தரவு, "வந்து சேர்ந்தது". ஆக 30. சம்பள நாளில் சென்னைப் பிரதி அரை மணி நேரம் பின்தங்கிவிடும். அந்த நேரத்தில் மும்பை மூழ்கினால், அந்த அரை மணியில் பணம் போட்டவர் கதி?

ரவுட்டரில் எழுத்து விரைவு என்றொரு வசதி உண்டு. மும்பை ரவுட்டரே சென்னை வட்டு போல "தயார், அனுப்பு" என்று சொல்லிவிடும். ஒரு பயணம் மிச்சம்.

கூட்டத்தில் தணிக்கை அதிகாரி ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்படின்னா பெட்டி பொய் சொல்லுது. நடுவுல கரண்ட் போனா பணம் யார்கிட்ட இருக்கு?"

நியாயமான கேள்வி, வியாபாரம் பேச வந்தவர்களுக்குக்கூடத் தோன்றாதது. வட்டுக்கு "தயார்" மட்டும்தான் ரவுட்டர் சொல்லும்; "வந்து சேர்ந்தது" சென்னை வட்டிலிருந்துதான் வரவேண்டும். டேப் விஷயம் வேறு. அங்கே ரசீதையும் ரவுட்டரே கொடுக்கும். கோப்பு முடிவுக் குறியில் மட்டும் நிஜப் பதிலுக்குக் காத்திருக்கும். நாங்கள் டேப் பக்கமே போகவில்லை.

வாயால் சொன்னது அவருக்குப் போதவில்லை. ஒரு ஞாயிறு இரவு, எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைப் பிடுங்கிக் காட்டினோம். ரசீது வராத எழுத்தெல்லாம் மும்பையில் நிலுவையாகவே இருந்தது. இணைப்பு திரும்பியதும் மறுபடி கிளம்பியது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு முடிக்க விடியற்காலை ஆனது. பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

பின்தங்கல் குறைந்தது, ஒரேயடியாகப் போகவில்லை. சம்பள நாளில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கடைசிவரை இருந்தது.