புறங்கைச் சோதனை

இப்போதெல்லாம் டி.வி. ரிப்பேர் பார்க்க வருகிறவர்கள் வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுகிறார்கள். எண்பதுகளில் எங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக் அதைக் கடைசியில்தான் எடுப்பார். முதலில் ப்ளக் பாயிண்டில் டெஸ்டர். அப்புறம் ஸ்டெபிலைசர் முள். செட்டைப் போட்டதும் ‘தும்’ என்று சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுப்பார். கலர் செட்டில் அது டிகாஸ் காயிலின் சத்தம். கேட்டால் மெயின் ஃப்யூஸ் போகவில்லை என்று அர்த்தம்.

பிறகு திரைக்கு முன்னால் புறங்கையைக் கொண்டுபோவார். மயிர் சிலிர்த்தால், “ஈ.எச்.டி. வருதுங்க” என்பார். கலர் டியூபில் அந்த உயர் மின்னழுத்தம் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் என்பது பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கருவியே இல்லாமல் கண்டுபிடித்த மனுஷன்!

விளக்கை அணைக்கச் சொல்லி, பின்மூடியின் காற்றுத் துளை வழியாக எட்டிப் பார்ப்பார். டியூபின் கழுத்தில் ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. வெளிச்சமும் இல்லை, சிலிர்ப்பும் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பவர் சப்ளையில், அல்லது லைன் அவுட்புட்டில்.

எங்கள் தெருவில் அன்று சாலிடேரும் டயனோராவும்தான் அதிகம். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ ஓடும்போது படம் சுருங்கி நடுவில் ஒற்றைக் கோடாக நின்றால் போச்சு, வெர்ட்டிகல் பகுதி. உடனே பிரைட்னஸைக் குறைக்க வேண்டும். விட்டால் டியூபில் நிரந்தரமாகத் தடம் விழும். இது எங்கள் பாட்டிக்கும் தெரியும்.

தலையில் தட்டினால் படம் வருகிற செட்டுகளும் உண்டு. அது மூடத்தனமில்லை, டிரை சால்டருக்கு அதைவிட எளிய சோதனை கிடையாது. போர்டைத் திருப்பினால் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரின் கால்களைச் சுற்றி ஈயத்தில் மெட்டி மாதிரி வட்டமாக விரிசல் ஓடியிருக்கும். ஃப்யூஸும் கதை சொல்லும்: கண்ணாடி கருகியிருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், புது ஃப்யூஸ் போட்டாலும் நிற்காது.

போன மாதம் பக்கத்து வீட்டில் எல்.சி.டி. டி.வி. இருண்டுபோனது, சத்தம் மட்டும் வந்தது. திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். மங்கலாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பேனல் நன்றாக இருக்கிறது, போனது பேக்லைட்தான். அந்த மெக்கானிக்கிடம் கற்ற புத்திதான், கருவி மட்டும் வேறு.

பழைய டியூப் டி.வி. வைத்திருப்பவர்கள் இவற்றில் வெளியிலிருந்து முடிகிறதை மட்டும் பாருங்கள். பின்மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபிலும் பெரிய கெப்பாசிட்டரிலும் ஷாக் அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.