பேணும் பருவம்

நவம்பர் 1, கனசாவா

ஜப்பான் கடலை ஒட்டிய இந்த ஊரில் பனி ஈரமாகவும் கனமாகவும் பெய்யும். அதனால் ஆண்டுதோறும் நவம்பர் 1ஆம் தேதி கென்ரோகு-என் தோட்டத்தில் மரங்களுக்குக் கயிறு கட்டும் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். குளக்கரையில் படர்ந்து நிற்கும் கரசாகி பைன் மரத்துக்குத்தான் முதல் கட்டு. நடுவே உயரமான கம்பங்களை நட்டு, உச்சியிலிருந்து நூற்றுக்கணக்கான கயிறுகளைக் குடைக் கம்பிபோல் விரித்து, கிளை கிளையாகத் தாங்கிக் கட்டுகிறார்கள்.

கயிறு வைக்கோலால் திரித்தது. எங்கள் பக்கத்தில் கட்டு கட்ட வைக்கோலைப் பிரியாகத் திரிப்பதை நினைத்துக்கொண்டேன். உச்சியில் நின்ற முதியவர் கயிற்றை வீச, கிளையருகே இருந்தவர் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பிறகு முடிச்சிட்டார். இறுகினால் பட்டை அறுபடும். தொய்ந்தால் கிளை தாங்காது.

"இன்னும் பனியே விழலியே, இப்பவே எதுக்குடா?" என்று மகனிடம் கேட்டேன்.

"விழுந்தப்புறம் கட்ட முடியாதுப்பா. கிளை முறிஞ்சிடும்."

இலைகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. செப்டம்பரில் வடக்கே ஹொக்கைடோ மலைகளில் தொடங்கும் இந்தச் சிவப்பு, குளிரோடு தெற்கே இறங்கிக்கொண்டே வரும். இரவு குளிரக் குளிர இலையின் பச்சை கரைகிறது. மஞ்சள் வெளியே தெரிகிறது. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து சிவப்பு ஊறுகிறது. வெயில் நன்றாக அடித்து இரவு நன்றாகக் குளிர்ந்தால் அந்த ஆண்டு நிறம் தூக்கலாக இருக்குமாம்.

நவம்பர் 5, நாரா

தோதாய்ஜி கோயிலின் வெண்கலப் புத்தர் ஏறக்குறைய 15 மீட்டர் உயரம். பேரரசர் ஷோமு 743இல் ஆணையிட்டார். 752இல் சிலைக்குக் கண் திறந்தார்கள். அன்று தூரிகை பிடித்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் ஜப்பான் வந்து சேர்ந்தவர். தென்னாட்டவர் என்பது மரபு. தூரிகையில் நீளமான நீலக் கயிறு ஒன்றைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கண் திறந்த புண்ணியம் எல்லாரையும் சேரட்டும் என்ற எண்ணம்தான். புதுச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கோடு வளர்ந்த எனக்கு, அந்தக் கயிற்றின் ஒரு முனை நம் பக்கமும் நீண்டதாகவே பட்டது.

1180இல் நடந்த போரில் மண்டபம் எரிந்தது. சோகென் என்ற துறவி ஊர் ஊராக நிதி திரட்டினார். 1185இல் கண் திறந்தபோது போதிசேனர் பிடித்த அதே தூரிகையையே எடுத்தார்கள். 1567இல் மறுபடியும் தீ. அதன்பின் புத்தர் நெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்தார். கோகெய் என்ற இன்னொரு துறவி கையேந்திப் புறப்பட்டார். இன்று நாம் நுழையும் மண்டபம் 1709இல் முடிந்தது. முதல் மண்டபத்தின் அகலம் 86 மீட்டர். இது 57 மீட்டர். முடிந்த அளவுக்குக் கட்டினார்கள். கட்டாமல் மட்டும் விடவில்லை.

அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்னமும் இருக்கின்றன. அங்குள்ள பொருள்கள் ஏறக்குறைய 9,000. ஈரம் வடிந்து காற்று உலரும் இலையுதிர்காலத்தில்தான் பேரரசரின் முத்திரையை அவிழ்த்துக் கருவூலத்தைத் திறக்கிறார்கள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் சரிசெய்து வைக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை 1946 முதல் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். கைக்குழந்தையோடும் கைத்தடியோடும் வந்தவர்களின் வரிசையில் நானும் நின்றேன்.

நவம்பர் 9, இசே

சூரியத் தேவி அமதெராசுவின் கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். பக்கத்திலேயே காலி மனை. அதில் அதே அளவு, அதே இணைப்பு, அதே சைப்ரஸ் மரம். 690இல் தொடங்கிய வழக்கம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கும் மேல் நின்றுபோய், பிறகு மீண்டது. கடைசியாக 2013, அடுத்தது 2033.

இருபது ஆண்டு என்பது நல்ல கணக்கு. இளைஞனாக மரம் தூக்கியவன் அடுத்த முறை தச்சனாக நிற்பான்; அதற்கடுத்த முறை சொல்லிக்கொடுப்பான். கட்டடம் புதிது, தொழில்தான் பழையது. பழைய கோயிலின் தூண்களை உஜி பாலத்தின் தோரண வாயில்களுக்கு வைக்கிறார்கள். வருங்காலத் தேவைக்குக் கோயில் காட்டிலேயே மரம் வளர்க்கிறார்கள்.

நம் கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற முறையும் இந்த அறிவிலிருந்து வந்ததுதானே.

நவம்பர் 20, கியோத்தோ

தோஃபுகுஜி மடத்தின் மரப்பாலத்தில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுதும் மேப்பிள். சிவப்பு, செம்மஞ்சள், இன்னும் மாறாத பச்சை என்று அடுக்கடுக்காக. கூட்டம் நகரவிடவில்லை. 1959இல் புயல் இந்தப் பாலத்தை இடித்துத் தள்ளியது; 1961இல் திரும்பக் கட்டினார்கள்.

பாலத்துக்குக் கீழே பாசித்தரையில் குந்தியிருந்த ஒரு பெண்மணியைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே விழுந்த இலைகளை மூங்கில் விளக்குமாற்றால் பாசி பெயராதபடி தடவித் தள்ளினார். பாசிக்குள் செருகிக்கொண்ட இலைகளை விரலால் ஒவ்வொன்றாக எடுத்தார். இலை மூடிக் கிடந்தால் பாசி அழுகிவிடும். இத்தனை பேர் பார்க்க வந்த அழகில் பாதி அந்த விரல்களின் வேலை.

நவம்பர் 24, டோக்கியோ

தேசிய அருங்காட்சியகத்தில் நம் சோழமண்டலக் கரையின் துணியைப் பார்த்தேன். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் பண்டகசாலை வைத்தவர்கள். பரங்கிப்பேட்டையிலும் வணிகம் செய்தார்கள். இந்தக் கரையின் பருத்தித் துணிகள் ஆசியக் கடல் முழுதும் போயின. நாகசாகி துறைமுகத்தின் தெஜிமா தீவு வழியாக ஜப்பானுக்கும் போயின.

கடுக்காய்ச் சாற்றில் நனைத்து, படிகாரம் கலந்து கோடிழுத்து, சாயவேரில் கொதிக்கவைத்த சிவப்பு அது. துவைக்கத் துவைக்க மங்காது. ஜப்பானியர் அதை உடுத்தி ஓய்ந்த பிறகும் எறியவில்லை. தேநீர்த்தூள் சிமிழுக்கு உறை தைத்தார்கள். உள்ளங்கை அளவுத் துண்டுகளைக்கூட ஏட்டில் ஒட்டிப் பாதுகாத்தார்கள். ஹிகோனே பிரபுக்களான ஈ குடும்பம் சேர்த்த ஏறக்குறைய 450 துண்டுகள் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பூங்கொடி. எந்தக் கை வரைந்ததோ, பெயர் இல்லை. நம் கரையின் மணல்வெளிகளில் சாயவேர் தோண்டிய குடும்பங்களின் உழைப்பை அன்னிய நாடு ஒன்று முந்நூறு ஆண்டு பொத்திப் பொத்தி வைத்திருப்பதைக் கண்டு மனம் நெகிழ்ந்தது. நாம் வைத்திருக்கவில்லையே என்று வலித்தது.

டிசம்பர் 2, மங்கலம்பேட்டை

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஜப்பானில் இந்தப் பருவம் காயும் காலம். நமக்கு நிரம்பும் காலம். ஆகவே அவர்கள் இலையுதிர்காலத்தில் செய்யும் வேலையை நாம் கோடையில் செய்து முடித்திருக்க வேண்டும்.

கல்லில் கட்டியதால் நம் வரலாறு தானே நின்றுகொள்ளும் என்ற நினைப்பு நமக்கு உண்டு. விருத்தாசலம் கோயிலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நம் முன்னோர் கல்லை மட்டும் நம்பியவர்கள் அல்லர். சிதம்பரத்தில் நடராசர் ஆடும் சிற்றம்பலம் மரத்தால் ஆனது. அதற்குப் பொன் வேய்ந்த முதலாம் பராந்தகன் காலத்தில்தான் வீரநாராயணன் என்ற அவன் பெயரில் வீராணம் ஏரி வெட்டப்பட்டது. ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் 919, 921 ஆண்டுகளில் அவன் ஆட்சியில் பொறித்தவை. ஏரி வெட்டினால் போதாது, அதைப் பார்த்துக்கொள்ள ஆண்டுதோறும் ஆள் வேண்டும் என்று அன்றே எழுதிவைத்தார்கள்.

குடிமராமத்து என்று நாம் சொல்வது அதைத்தான். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து, வண்டலை வாரி வயலுக்கு அடித்து, கரையை உயர்த்தி, மதகைச் சரிபார்த்து வைப்பது. மரத்தேரும் அப்படித்தான், அச்சும் வடமும் ஆண்டுதோறும் பார்க்காவிட்டால் ஓடாது. ஏரியை ஐந்தாண்டு கவனிக்காமல் விட்டால் அது மேய்ச்சல் நிலம். இன்னும் பத்தாண்டு விட்டால் மனைப்பிரிவு.

சோகெனும் கோகெய்யும் அரசர்கள் அல்லர். எரிந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாத துறவிகள். நமக்கும் அந்த மனம்தான் வேண்டும். கோடையில் ஒப்பந்தக்காரர் இயந்திரத்தோடு வரட்டும். அரசு நிதியும் வரட்டும். ஆனால் நம் பிள்ளைகளும் கரையில் இறங்கி, மதகு எங்கே, வாய்க்கால் எங்கே, வண்டல் எது என்று கையால் தொட்டுக் கற்கட்டும். அந்தக் கைப்பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஏரி நம்மிடம் இருக்கும்.