பன்னிரண்டு முதலிமாரும் ஒரு கேள்வியும்

வரலாற்றுத்துறையினர் நடத்தும் பொதுச் சொற்பொழிவுக்கு அழைப்பு வருமாயின் அதனைத் தட்டிக்கழிக்கும் வழக்கம் நமக்கு இல்லை. குத்துவிளக்கு, முன்வரிசைப் பிரமுகர், வரவேற்புரை, தலைமையுரை, பேருரை, நன்றியுரை என்ற ஒழுங்கு நமக்கு நன்கு பழகியதே. 'பொதுமக்கள் அனைவரும் வருக' என்று அழைப்பிதழின் அடியில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பிப் பொதுமக்கள் உண்மையாகவே வந்துவிட்டால் என்ன நேரும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதிற் கண்டோம்.

அன்றைய பொருள் தேசவழமை. பேச்சாளர் கற்றறிந்தவர், பொருளைத் துறைபோகக் கற்றவர். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக விளங்கிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707இல் எழுதிமுடித்தமை, அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டப்பட்டமை, அவர்கள் அதனைச் சரியெனக் கண்டு ஒப்புதல் அளித்தமை, 1806இல் ஆங்கிலேயர் அதனைச் சட்டமாக ஏற்றமை ஆகியவற்றைத் தெளிவாக எடுத்துரைத்தார். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொத்துப் பாகுபாட்டையும், காணி விற்பனையில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் உள்ள முன்னுரிமையையும் அவர் விளக்கியபோது, காணி வழக்கு நடத்திய அனுபவமுள்ள முன்வரிசையினர் தலையசைத்து மகிழ்ந்தனர்.

ஆனால் அந்நூலில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. நான்கு சாதிப் பிரிவினரைப் பெயர் குறித்து அது அடிமைகள் என வகுக்கிறது. காணியும் மாடும் போல மனிதரும் கைமாறிய காலத்தின் பதிவு அது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இலேதான். ஒரு மணி நேரப் பேருரையில் இப்பகுதிக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: 'காலத்துக்கு ஒவ்வாத சில பிரிவுகளும் அதில் உள்ளன.'

கேள்வி நேரத்திற் பின்வரிசையில் ஒரு முதியவர் எழுந்தார். சீவற்றொழில் செய்து ஓய்ந்த கைகள். தோளில் மடித்திட்ட சால்வை. மருமகனான மாணவனுடன் வந்திருந்தார் என்று பின்னர் அறிந்தோம்.

"ஐயா, எனக்கொரு சந்தேகம். பன்னிரண்டு முதலிமாரும் சரியெண்டு சொல்லிச்சினம் எண்டியள். அதிலை எங்கடை ஆக்களைப் பற்றியும் எழுதிக்கிடக்கெண்டு இவன் தம்பி சொன்னவன். எங்கடை ஆக்களிட்டை ஆரும் கேட்டவையோ?"

மண்டபத்தில் எங்கோ ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பேச்சாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 'நேரம் போதாமையால் இதனைத் தேநீரின்போது உரையாடலாம்' என்று அறிவிக்கப்பட்டது. நன்றியுரை தொடர்ந்தது.

நாம் என்ன செய்தோம்? தேசவழமையைப் பல ஆண்டுகளாக வகுப்பிற் கற்பித்துவரும் நாம், சமத்துவம் பற்றி மேடைகளில் முழங்கிய நாம், வாய் திறவாது இருந்தோம். அக்கேள்வியை நாமல்லவா முதலிற் கேட்டிருக்க வேண்டும்? சபை நாகரிகம் என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். அநீதிக்குச் சபை நாகரிகத்தைப் போன்ற நல்ல காவற்காரன் வேறில்லை.

தேநீரின்போது இளம் விரிவுரையாளர் ஒருவர் மட்டும் அம்முதியவரின் அருகே சென்று வாங்கில் அமர்ந்தார். தேநீர்க் கடைகளிற் போத்தலிலும் சிரட்டையிலும் குடித்த நாட்களைப் பற்றி முதியவர் கூறினார். 1957இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும் கடைக்காரர் மனம் மாறாதிருந்ததைக் கூறினார். 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தில் தாமும் நடந்ததையும், பொலிசாரின் தடியடியையும், பின்னர் 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாசலில் நின்றதையும் கூறினார். அந்த இளைஞர் குறிப்பெடுத்தார். அன்று நடந்த உண்மையான வரலாற்றுப் பேருரை அந்த வாங்கிலேதான் நடந்தது என்பது நமது துணிபு.

ஏடுகளையும் ஆவணங்களையும் நாம் குறைத்துக் கூறவில்லை. அவை இன்றேல் வரலாறு வெறுங் கதையாகிவிடும். ஆயினும் ஆவணத்தை எழுதியவன் யார், எழுதச் செய்தவன் யார், ஒப்புதல் அளித்தவன் யார் என்று கேளாத வரலாறு உடையவனின் கணக்கேடாகவே நின்றுவிடும். பன்னிரண்டு முதலிமாரின் ஒப்புதல் ஊரின் ஒப்புதலாகாது.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இத்தகைய துணிவு புதியதுமன்று. பேராதனைப் பேராசிரியர் லெஸ்லி குணவர்த்தன 1979இல் வெளியிட்ட ஆய்வில், சிங்கள அடையாளம் ஆதிமுதல் மாறாது வந்ததன்று, வரலாற்றில் உருவாகி வளர்ந்தது என்று நிறுவ முற்பட்டார். தம் இனத்தாரிடமிருந்தே கண்டனத்தையும் ஏற்றார். பேராசிரியர் கா. இந்திரபாலா, 1965இல் தாம் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வின் முடிவுகள் பலவற்றை, புதிய சான்றுகள் கிடைத்தபின் தாமே திருத்தி, 2005இல் ஒரு பெருநூல் எழுதினார். ஆனைக்கோட்டை அகழ்வு போன்றவை தந்த சான்றுகளை முன்வைத்து, நாற்பது ஆண்டுகளின் பின் தம் கருத்தைத் தாமே மாற்றிக்கொள்ள ஓர் அறிஞரால் முடிந்ததெனில், ஒரு முதியவரின் கேள்விக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க ஒரு சபையால் முடியாதா?

1960இற் கலைப்பீடத்திற் சுயமொழிக் கல்வி வந்தபோது ஒரு வேலி வீழ்ந்தது. ஆங்கிலம் அறியாத உழைப்பாளியின் பிள்ளை வரலாற்றுப் பட்டதாரியாகும் வழி அகலத் திறந்தது. எனினும் மொழிவேலி வீழ்ந்த இடத்தில் வரிசைவேலி நிற்கிறது. முன்வரிசைக்கு விடை, பின்வரிசைக்குத் தேநீர்.

இச்சொற்பொழிவுகள் மண்டபத்தை விட்டுக் கிராம வாசிகசாலைகளுக்கும் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களுக்கும் செல்லட்டும். பேருரைக்கு அரை நேரம், கேள்விக்கு அரை நேரம் என வகுக்கட்டும். கேட்கப்படும் கேள்விகளும் பேருரையோடு சேர்ந்து அச்சேறட்டும். மாணவரும் ஆசிரியரும் முயன்றால் இவை நடவாத காரியங்களல்ல.

அம்முதியவர் இன்று இல்லை. அவர் கேள்விக்கு அந்த மண்டபம் இன்னும் விடை கூறவுமில்லை. அடுத்த அழைப்பிதழ் வரும்போது நாம் பின்வரிசையிற்றான் அமர்வோம். அங்கிருந்து ஒருவர் எழுந்து கேட்கும் கேள்வி மீண்டும் தேநீருக்கு அனுப்பப்படுமாயின், இம்முறை நாமும் எழுந்து நிற்போம்.