பெட்டிசம்

எங்கள் ஊரில் பெட்டிசத்துக்குக் கையெழுத்து இருக்காது. அதுதான் அதன் இலக்கணம். பள்ளிக்கூட அதிபருக்குத் திடீரென்று இடமாற்றம் வந்தால், சங்கக்கடைக் கணக்கைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒருவர் இறங்கினால், வேலியைத் தள்ளிப் போட்டவரைத் தேடிக் கிராமசேவகர் படலையடியில் நின்றால், "ஆரோ பெட்டிசம் அடிச்சிட்டாங்கள்" என்பார்கள். யார் அடித்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடிதத்தில் பெயர் இராது. வெள்ளைக்காரனின் ஒரு சொல்லை எடுத்து, அதற்குள் இருந்த கையெழுத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மிச்சத்தை நூறு வருடம் பாவித்த சனம் நாங்கள்.

ஆகவே 2017இன் தொடக்கத்தில், பனிக்காலச் சப்பாத்தோடு ஒரு மட்டையும் பேனையும் கொண்டு நான் வீடு வீடாகப் போனபோது, அம்மா தொலைபேசியில் தன் தங்கைக்குச் சொன்னதில் வியப்பில்லை: "இவள் இப்ப பெட்டிசம் கொண்டு திரியிறாள்."

நாங்கள் இருப்பது இல்-பிசாரில். மொன்றியல் தீவின் வடமேற்கு ஓரத்தில் ஒட்டாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு தீவு. 1678இல் இந்த நிலத்தை மானியமாகப் பெற்ற ஜாக் பிசார் என்ற சுவிஸ் அதிகாரியின் பெயர்தான் அது. என் மகன் பள்ளிக்கூடத்தில் இன்னமும் 'விசித்திரத் தீவு' என்று கேலி வாங்குகிறான். மொன்றியலுக்குப் போக ஒரே ஒரு பாலம். கோடையில் லாவல் பக்கம் போக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரும் ஒரு சின்னப் பாதை உண்டு. ஊர்காவற்றுறைப் பாதையில் போய்வந்த அப்பாவுக்கு அதில் ஏறினால் முகம் மாறிவிடும்.

பாலத்தைக் கடந்து மேற்கே திரும்பினால் பியர்ஃபொன். அதன் மேற்கு எல்லையில், ஆன்ஸ்-அ-லோர்ம் காட்டுக்கும் கப்-சென்-ஜாக் பூங்காவுக்கும் இடையில், பழைய வயல்வெளிகள் கிடந்தன. உழவு நின்றுபோய்ப் புல் மண்டிய நிலம். தென்னமெரிக்காவரை பறந்துபோய்த் திரும்பிவரும் பொபோலிங்க் குருவி அந்தப் புல்லுக்குள் நிலத்தில்தான் கூடு கட்டும். பக்கத்தில் ஓடும் ஓர்ம் ஆற்றை, மொன்றியல் தீவுக்குள்ளேயே பிறந்து ஓடுகின்ற ஆறுகளில் மிஞ்சிய ஒன்று என்பார்கள். ஆறு என்று சொல்லத் துணிவு வேண்டும். எங்கள் வழுக்கியாற்றைப் பார்த்தவர்கள் கோபிக்க மாட்டார்கள். அந்த வயல்களில் ஏறத்தாழ 185 ஹெக்டேரில் 5,500 வீடுகள் கட்டுவது திட்டம். 2017 வசந்தத்தில் மொன்றியலின் பொதுக் கலந்தாய்வு அலுவலகம் அதைப் பற்றி மக்களிடம் கேட்டது. திட்டம் வேண்டாம் என்பவர்கள் அதற்கு முன்பே பல மாதங்களாக மனுவில் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்த தாள்களில் ஒரு கட்டை நான் வாங்கிக்கொண்டேன். தமிழ் வீடுகளுக்கு நான் போகிறேன் என்றேன். அது ஒரு பெரிய வாக்குறுதி என்று அப்போது தெரியவில்லை.

மறுத்தவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும். கையெழுத்திட்டவர்கள் ஒரு நிமிடத்தில் இட்டுவிட்டுத் தேத்தண்ணி தந்தார்கள். மறுத்தவர்கள்தான் இருத்தி வைத்துக் கதைத்தார்கள்.

டொலார்-டெஸ்-ஓர்மோவில் கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அன்ரி தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பெயர், விலாசம், அஞ்சல் குறியீடு, கையெழுத்து என்று நான்கு பத்திகள். அவர் பறவையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "இந்த லிஸ்ற் ஆரிட்டைப் போகும் பிள்ளை?" என்றுதான் கேட்டார். நகரசபைக்கு என்றேன். "அவையள் ஆருக்குக் குடுப்பினம்?"

1983 ஜூலையில் அவர் வெள்ளவத்தையில் இருந்தவர். கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளைத் தேடி வந்தன என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவள் நான். வாசலில் நின்று பெயர் வாசிக்கப்பட்டதைக் கேட்டவர் அவர். அதற்குப் பிறகு வந்த காலமும் பட்டியல்களின் காலம்தான்: லொட்ஜில் தங்கப் பொலிஸ் பதிவு, வீட்டில் எத்தனை பேர் என்று ஆமிக்குக் கொடுத்த படிவம், பட்டியலே தேவைப்படாத தலையாட்டி. பெயரும் விலாசமும் ஒரே தாளில் இருப்பது எங்கள் சனத்துக்குச் சூழல் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. பெட்டிசத்தில் பெயர் போடாததைக் கோழைத்தனம் என்று நான் இளவயதில் நினைத்ததுண்டு. அன்ரியின் சோபாவில் இருந்தபோது, அது ஒரு அனுபவம் என்று பட்டது.

அவர் கையெழுத்திடவில்லை. ஆனால் வாசல்வரை வந்து, "உன்ர பேர் எத்தினையாவது?" என்று கேட்டார். முதலாவது என்றேன். தலையை அசைத்தார். மெச்சினாரா, கவலைப்பட்டாரா என்று தெரியாது.

அடுத்த மறுப்பு வேறு விதம். அண்ணை ஒருவர், பகலில் பார ஊர்தி ஓட்டி இரவில் களஞ்சியத்தில் வேலை செய்பவர். மூன்று பிள்ளைகளோடு பார்க்-எக்ஸ்ரென்சனில் இரண்டு அறை வீட்டில் பத்து வருடம். அவர் தாளைத் தொடவே இல்லை. "தங்கச்சி, நீங்கள் தீவிலை வீடு வாங்கீட்டியள். இனி ஆரும் வரக்கூடாது எண்டு கதவைச் சாத்திறியள். குருவிக்கு இருக்கிற இடம் எங்களுக்கு இல்லையோ?"

இந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தப் பக்கத்து மனுக்காரரில் கொஞ்சப் பேர், குருவியின் பெயரால் தங்கள் தெருவின் அமைதியைக் காத்தவர்கள் என்பது உண்மை. நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: அங்கே வரவிருந்தவை அவருடைய கைக்கு எட்டும் விலையில் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. பழைய தொழிற்சாலைகளும் வெறும் வாகனத் தரிப்பிடங்களும் நகரத்துக்குள்ளேயே கிடக்கின்றன, வீடு அங்கேயும் கட்டலாம். புல்வெளியை ஒருமுறை அழித்தால் திருப்பிக் கட்ட முடியாது. அவர் சிரித்துவிட்டு, "அப்ப அதுக்கும் ஒரு பெட்டிசம் கொண்டு வாங்கோ, நான் முதல் ஆளாய் வைக்கிறன்" என்றார். நியாயமான பேச்சு.

மூன்றாவது வகை என் வயதுக்காரர்கள், இங்கே படித்தவர்கள். "சிற்றிசன்சிப் இன்னும் வரேல்லை, அம்மா அப்பா வைக்கேலாது" என்றார்கள். "உதாலை என்ன நடக்கும்?" என்றார்கள். இரண்டும் தகவல் பற்றாக்குறை. எங்கள் பத்திரிகைகளும் வானொலிகளும் மரண அறிவித்தலுக்கு ஒதுக்கும் இடத்தில் பத்தில் ஒன்றை இதற்கு ஒதுக்கியிருந்தால் நான் அந்தக் குளிரில் விளக்கிக்கொண்டு நின்றிருக்கத் தேவையில்லை.

இந்த நாட்டில் மனுப்போடக் குடியுரிமை வேண்டியதில்லை. மொன்றியலில் 2010 முதல் ஒரு விதி இருக்கிறது: நகரத்தில் வசிக்கும், 15 வயது நிரம்பியவர்களிடம் 15,000 கையெழுத்துச் சேர்ந்தால், முழு நகரத்துக்கும் உரிய விடயமொன்றில் நகரசபை பொதுக் கலந்தாய்வு நடத்தியே ஆகவேண்டும். அப்படித்தான் நகர விவசாயம் பற்றிய கலந்தாய்வு 2012இல் நடந்தது. ஒட்டாவா நாடாளுமன்றத்துக்குத் தாளில் மனுப்போட 25 பேர் போதும், இணையவழியில் 500 பேர். ஓர் உறுப்பினர் அதைச் சபையில் வைத்தால், அரசாங்கம் 45 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருப்பவரும் கையெழுத்திடலாம். அதற்காக அவர் கோப்பில் யாரும் கரும்புள்ளி வைப்பதில்லை.

இவற்றுள் எனக்குப் பிடித்தது ஒன்று. கணக்காய்வாளர் நாயகம் சட்டத்தில் 1995இல் சேர்த்தது. கனடாவில் வசிக்கும் எவரும் சூழல் சம்பந்தமான கேள்வியொன்றைக் கடிதமாக எழுதிக் கணக்காய்வாளர் நாயகத்துக்கு அனுப்பினால், அது உரிய அமைச்சருக்குப் போகும். அமைச்சர் 120 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். எத்தனை கையெழுத்து வேண்டும்? ஒன்று.

கூட்டம் காட்டினால்தான் அரசு அசையும் என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு இது விளங்க நேரம் எடுக்கும். மனுவின் பலம் அதன் கீழே இருக்கும் பெயர்களின் எண்ணிக்கை என்றுதான் நானும் முதலில் கணக்குப் போட்டேன். பதில் சொல்லும் கடமையை அது யாருடைய தலையில் கட்டுகிறது என்பதே பெரிய விடயம். பதில் பிழையாக இருக்கலாம், மழுப்பலாக இருக்கலாம். ஆனால் எழுத்தில் வந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்துக்கும் போகலாம்.

தென்கரையில் லா ப்ரெரியில் நடந்தது அதுதான். அங்கே ஒரு தவளை. ஒரு கிராம் அளவே எடை, பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டினால் வரும் சத்தம்தான் அதன் பாட்டு. வசந்தத்தில் தேங்கும் ஆழமற்ற நீரில்தான் முட்டையிடும். அந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தது. அவசர ஆணை போட்டுத் தடுக்கும்படி சூழல் அமைப்பொன்று கூட்டாட்சி அமைச்சரிடம் கேட்டது. 2014இல் அமைச்சர் மறுத்தார். எழுத்தில் மறுத்தார். அந்த மறுப்பை 2015 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளி, மறுபடி ஆராயும்படி சொன்னது. 2016இல் அவசர ஆணை வந்தது. அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ் கனடா அப்படி ஆணை போட்டது அது இரண்டாவது தடவை மட்டுமே.

சுன்னாகத்தை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியாது. ஆறு இல்லாத குடாநாட்டில் கிணறுதான் எல்லாம். சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத் தவிர வேறு கதியில்லை. சுன்னாகத்து மின்நிலையப் பகுதியைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, சனம் போத்தல்களில் அள்ளிக்கொண்டு வீதிக்கு வந்தது. 2015இல் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒன்று தாக்கலானது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கு 20 மில்லியன் ரூபாய் நட்டஈடு கொடுக்கும்படி மின்நிலையத்தை நடத்திய கம்பனிக்கு உத்தரவிட்டது. கிணறுகளின் எண்ணிக்கையால் அதைப் பிரித்துப் பார்த்தால் மனம் கசக்கும். ஆனால் தீர்ப்பு ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக, குற்றம் யாருடையது என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் பெயரைக் கொடுப்பது எங்களைவிட எத்தனை மடங்கு பாரமாக இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

இங்கே பிறகு நடந்தது நாடறிந்தது. 2017 மே மாதம் ஆறு பெருகி, 7ஆம் திகதி மொன்றியலில் அவசர நிலை அறிவித்தார்கள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு கீழே மண்மூட்டை அடுக்கினோம். அந்த வயல்வெளிகள் இருந்ததால் தப்பினோம் என்று பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர் ஒட்டாவா ஆற்றோடு வடக்கிலிருந்து வந்தது. ஆனால் தாழ்நிலத்தில் தார் ஊற்றினால் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி அன்றைக்குப் பிறகு ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. நவம்பரில் தேர்தல் வந்தது, வலெரி பிளாண்ட் மேயரானார். 2019 ஏப்ரலில் மறுபடி வெள்ளம், மறுபடி அவசர நிலை. அந்த ஓகஸ்டில் அவர் மேற்குப் பெரும்பூங்காவை அறிவித்தார்: பியர்ஃபொன் வயல்களையும் சேர்த்து, ஏறத்தாழ 3,000 ஹெக்டேர். மனுவால் வந்ததா, வெள்ளத்தால் வந்ததா, வாக்கால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த அண்ணை பிறகு வோத்ரெய் பக்கம் வீடு வாங்கினார். வேலைக்குப் போய்வரக் காரிலேயே இரண்டரை மணித்தியாலம் என்று கேள்விப்பட்டேன். அதையும் பூங்காவின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நான் சேர்த்தது மொத்தம் 61 கையெழுத்து. ஒருவர், எண்பது கடந்த ஆச்சி, விலாசப் பத்தியில் தன் அளவெட்டி விலாசத்தை எழுதியிருந்தார். அஞ்சல் குறியீட்டுக்குரிய இடத்தில் ஒரு கோடு. அந்த வரி எண்ணிக்கையில் சேராது என்று தெரிந்தும் அடிக்காமல் கொடுத்தேன்.

இந்தப் பனிக்காலம் கணக்காய்வாளர் நாயகத்துக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ரெண்டு-மலை ஏரியில் வாழும் வரைபட ஆமைகளைப் பற்றி, அவை வெயில் காயும் கற்களைப் பற்றி, நான்கு கேள்விகள். குசினி மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். அம்மா வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"எத்தினை பேர் கையெழுத்து வைக்கிறியள்?"

"நான் மட்டும்தானம்மா."

"பேர் போட்டே?"

"போட்டுத்தான்."

"பதில் வராட்டி?"

"வரவேணும் எண்டு சட்டம்."

"வந்த பதில் சரியில்லாட்டி?"

"திரும்ப எழுதலாம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் வெட்டினார். பிறகு, "விலாசத்தை வடிவாய் எழுது, உன்ர எழுத்து ஆருக்கும் விளங்காது" என்றார்.