பனிமலைக்குப் போக எத்தனை நாள் கூலி?

போன டிசம்பரில் டெஸ்க்கில் எனக்குக் கொடுத்த வேலை, 'குல்மார்க்குக்கு எப்படிப் போகலாம்?' என்று ஒரு கட்டுரை. காஷ்மீரில் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் பனிச்சறுக்குத் தலம். அங்கிருந்து இரண்டு கட்டமாகப் போகும் ரோப் கார், 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும்.

எழுதி முடித்த சூட்டில் சிவகாசிக்கு போன் போட்டேன். "அம்மா, பனி பார்க்கப் போலாமா?"

அம்மாவுக்குப் பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலை. போனால்தான் கூலி. பனி எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. "எத்தனை நாளும்மா லீவு போடணும்?" என்றுதான் கேட்டார்.

என் கட்டுரையில் அதற்குப் பதிலே இல்லை. மறுபடி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ரயில் என்றால், திருநெல்வேலியிலிருந்து மதுரை வழியாக கத்ராவுக்கு வாரம் ஒரு வண்டி. அதிலேயே மூன்று நாள் ஓடிவிடும். 2025 ஜூனில் செனாப் பாலம் திறந்த பிறகு, கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. சுமார் மூன்று மணி நேரம்தான். பிறகு காரில் 50 கிலோமீட்டர். போக நாலு நாள், வர நாலு நாள், அங்கே ரெண்டு நாள். மொத்தம் பத்து நாள் கூலி போச்சு. ஸ்லீப்பரில் போய் வரும் டிக்கெட்டை விட அது அதிகம்!

விமானம் என்றால், மதுரையில் ஏறி வழியில் மாற வேண்டும். ஐந்து நாளில் வீடு திரும்பிவிடலாம். ஆனால், பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானம் ரத்தாகும். டங்மார்க்கிலிருந்து மேலே போகும் கடைசி 13 கிலோமீட்டருக்கு, டயரில் சங்கிலி கட்டிய வண்டி தேவைப்படும். அதனால் ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் கூலி இல்லாத நாள்தான்.

அப்போதுதான் காலண்டரைப் பார்த்தேன். பொங்கலுக்கு அம்மாவின் ஆலை நாலு நாள் லீவு. குல்மார்க்கில் பனி நிறைந்து கிடப்பதும் ஜனவரியில்தான். விமானத்தில் போனால் அம்மாவுக்கு ரெண்டு நாள் கூலிதான் போகும். டிக்கெட் காசு என் பொறுப்பு. அதற்கு நான் ஒரு வருஷம் சேர்க்க வேண்டும்.

மலிவான வழி ரயில்தான் என்று கட்டுரையில் எழுதியிருந்தேன். மாதச் சம்பளக்காரிக்கு அது சரி. தினக்கூலிக்காரருக்கு டிக்கெட் விலையோடு நாளையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 'மொத்தம் எத்தனை நாள்' என்று ஒரு வரி சேர்த்த பிறகே கட்டுரையை அனுப்பினேன்.

"அடுத்த பொங்கலுக்குப் போறோம்மா" என்றேன்.

"குளிருமே, நம்ம ஊரு தீப்பெட்டி ரெண்டு எடுத்துக்கவா?"

விமானத்தில் தீப்பெட்டிக்கு அனுமதி இல்லை என்றேன்.

"சிவகாசிக்காரி தீப்பெட்டி இல்லாமப் போறதா? நல்ல ஊருதான் போ!" என்று சிரித்தார். வர மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.