எண்ணெய் வாங்கும் இந்தியா, விதை வாங்கும் சீனா

எண்ணெய் வித்து விவசாயத்தில் இந்தியாவும் சீனாவும் பழம் தின்று கொட்டை போட்ட நாடுகள். நிலக்கடலை உற்பத்தியில் உலகில் முதலிடம் சீனாவுக்கு, அடுத்த இடம் இந்தியாவுக்கு. சோயாவின் பிறந்த வீடே சீனாதான். ஹரப்பாவில் தோண்டியபோது கருகிய எள் கிடைத்திருக்கிறது. ஆனால் இன்றைக்கு உலகிலேயே அதிகமாகச் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அதிகமாக எண்ணெய் வித்து இறக்குமதி செய்யும் நாடு சீனா. ஏன் இப்படி ஆனது?

முதலில் இந்தியா. 1980களின் நடுவில் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் எண்ணெய் வெளியிலிருந்து வந்தது. அந்நியச் செலாவணி கையைக் கடித்தது. 1986ல் எண்ணெய் வித்துக்களுக்கான தொழில்நுட்ப இயக்கம் தொடங்கப்பட்டது. நல்ல விதை கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், விலைக்கும் ஒரு பிடிமானம் கொடுத்தார்கள். தேசிய பால்வள வாரியம் சந்தையில் இறங்கி, விலை விழும்போது வாங்கி, ஏறும்போது விற்றது. 'தாரா' எண்ணெய் அப்போது வந்ததுதான். 1985-86ல் சுமார் 108 லட்சம் டன்னாக இருந்த எண்ணெய் வித்து உற்பத்தி, பத்தே வருடத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியது. 1990களின் தொடக்கத்தில் நாட்டின் தேவையில் 95 சதவீதத்துக்கும் மேல் உள்நாட்டிலேயே கிடைத்தது. மஞ்சள் புரட்சி என்று அதற்குப் பெயர்.

அந்தப் புரட்சிக்கு ஆயுள் குறைவு. 1994ல் பாமாயிலை யாரும் இறக்குமதி செய்யலாம் என்று கதவு திறக்கப்பட்டது. அப்போது வரி 65 சதவீதம். 1998ல் அதுவே 15 சதவீதம். நூற்றாண்டு முடிவதற்குள் இறக்குமதி 40 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. 2022-23ல் சுமார் 165 லட்சம் டன். தேவையில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான். ஏழை வீட்டு அடுப்புக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது.

இனி சீனா. 1990களின் நடுப்பகுதி வரை சோயா ஏற்றுமதி செய்த நாடு அது. மக்கள் கையில் காசு வந்தது, தட்டில் இறைச்சி வந்தது. பன்றிக்கும் கோழிக்கும் தீனி வேண்டும், தீனிக்குப் புண்ணாக்கு வேண்டும். சோயா விதைக்கு வெறும் 3 சதவீத வரி வைத்தார்கள், சோயா எண்ணெய்க்கு 9 சதவீதம். கணக்கு எளிது. விதையாக வந்தால் ஆட்டும் வேலை உள்நாட்டு ஆலைக்கு, புண்ணாக்கு உள்நாட்டுப் பண்ணைக்கு. 2000ல் சுமார் 1 கோடி டன்னாக இருந்த சோயா இறக்குமதி 2020ல் 10 கோடி டன்னைத் தாண்டியது.

இங்கேதான் வேடிக்கை. ஒரு டன் சோயாவை ஆட்டினால் கிடைப்பது சுமார் 180 கிலோ எண்ணெய், 780 கிலோ புண்ணாக்கு. அப்படியானால் 10 கோடி டன் சோயாவில் இருக்கும் எண்ணெய் சுமார் 180 லட்சம் டன். இந்தியா இறக்குமதி செய்யும் எண்ணெயும் ஏறக்குறைய அதே அளவுதான்! சீனாவுக்கு அதனுடன் புண்ணாக்கும் ஆலை வேலையும் சேர்ந்து கிடைக்கிறது. இந்தியாவுக்கு எண்ணெயைச் சுத்திகரித்து பாக்கெட்டில் அடைக்கும் வேலை மட்டும்.

அதற்காகச் சீனாவே கெட்டிக்கார நாடு என்று முடிவு கட்டிவிட முடியாது. 2004ல் உச்ச விலைக்கு வாங்கிய பிறகு சந்தை சரிந்ததில் பல சீன ஆலைகள் மூழ்கின. 2018ல் அமெரிக்காவுடன் வர்த்தகப் போர் வந்தபோது அந்த நாட்டுச் சோயாவுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டுவிட்டு, பிரேசிலை நம்பி நிற்க வேண்டியிருந்தது. வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங் விவசாயிகளில் பலர் சோயாவை விட்டு மக்காச்சோளத்துக்கும் நெல்லுக்கும் மாறினார்கள். ஆலை பிழைத்தது, சோயா வயல் சுருங்கியது.

இப்போது இரண்டு நாடுகளும் விழித்துக்கொண்டிருக்கின்றன. சீனாவின் சோயா உற்பத்தி 2022ல் 2 கோடி டன்னைத் தாண்டியது. தீனியில் சோயாப் புண்ணாக்கைக் குறைக்க 2023ல் மூன்றாண்டுத் திட்டமும் போட்டார்கள். இந்தியா 2021ல் எண்ணெய்ப் பனைக்கு 11,040 கோடி ரூபாய்த் திட்டமும், 2024ல் எண்ணெய் வித்துக்களுக்கு 10,103 கோடி ரூபாய்த் திட்டமும் அறிவித்தது. இதற்கிடையில் 2022 ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. நான்கு வாரம்கூட நீடிக்கவில்லை என்று சொல்லும்படி சீக்கிரமே விலக்கிக்கொண்டாலும், அடுத்தவர் வயலை நம்பிச் சட்டியை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று அது காட்டிவிட்டது.

ஆனால் பணம் மட்டும் போதுமா? கச்சா எண்ணெய்கள் மீதான அடிப்படை இறக்குமதி வரி 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக ஏறியது. 2025 மே மாதம் 10 சதவீதமாக இறங்கியது. விலை ஏறினால் வாங்குகிறவர் தவிக்கிறார், அரசு வரியைக் குறைக்கிறது. சரிதான். ஆனால் கடலை விதைக்கும்போது ஒரு வரி, பிடுங்கும்போது ஒரு வரி என்றால் விவசாயி எதை நம்பி விதைப்பார்?

இந்திய விவசாயிக்கு விளைவிக்கத் தெரியவில்லை என்று சொல்பவர்கள் 1986க்குப் பிந்தைய பத்து வருடத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். மண்ணும் அதேதான், மழையும் அதேதான். விற்கும்போது விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. அது மறுபடி வராதவரை எத்தனை கோடி ஒதுக்கினாலும் கப்பல் வந்துகொண்டேதான் இருக்கும்.